தேர்தல் நாளில் அணி முழுவதும் ஓட்டுப் போட: விளையாட்டுக் கிளப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பதினைந்து பேரை மைதானத்துக்கு வரவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று, ஓர் அணியை நடத்தியவருக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு மேட்ச்" என்று போட்டுவிட்டுத் தூங்கப் போனால் ஏழு பேர் வருவார்கள். சனிக்கிழமை ராத்திரி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "யார் வண்டியில் வருகிறாய்? எத்தனை மணிக்குக் கிளம்புவாய்?" என்று கேட்டால் பதினைந்து பேரும் வந்து நிற்பார்கள்.

ஓட்டுப் போடுவதும் அப்படித்தான். ஓட்டுப் போடாதவர்கள் எல்லாரும் நாட்டைப் பற்றிக் கவலையில்லாதவர்கள் அல்லர். பட்டியலில் பெயர் இல்லை, அன்றைக்கு வெளியூரில் ஆட்டம், சாவடி எங்கே என்று தெரியவில்லை, துணைக்கு ஆள் இல்லை. பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னத் தடைகள்தாம். இதே மாதிரித் தடைகளை வாரா வாரம் தீர்த்துப் பழகிய கூட்டம் எது என்றால், விளையாட்டு அணிதான்.

நேரில் கேட்பதன் பலம் வெறும் அனுபவப் பேச்சல்ல. 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்குக் கடிதம், சிலருக்கு டெலிபோன் அழைப்பு, சிலரிடம் வீடு தேடிப் போய் நேரில் பேச்சு. நேரில் பேசியது தெளிவாகப் பலன் தந்தது. கடிதம் கொஞ்சம் உதவியது. கூலிக்கு அமர்த்திய ஆட்கள் செய்த போன் அழைப்பால் பலனே இல்லை. ஆகவே போஸ்டர் அடிக்க வைத்திருக்கும் நேரத்தை ஆட்களிடம் பேசச் செலவிடுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான்.

முதல் படி: கிளப் எந்தப் பக்கமும் இல்லை என்று முதலில் முடிவெடுங்கள்

இதைச் செய்யாமல் மற்ற எதையும் தொடங்காதீர்கள். ஓர் அணியில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள். பந்து போடுகிறவர் ஒரு கட்சி, விக்கெட் கீப்பர் இன்னொரு கட்சி. கிளப் ஒரு பக்கம் சாய்கிறது என்ற சந்தேகம் வந்துவிட்டால் ஓட்டு வேலை மட்டுமல்ல, அணியே உடைந்துவிடும்.

நிர்வாகக் குழுவைக் கூட்டி இரண்டே வரியில் ஒரு தீர்மானம் எழுதுங்கள்: "நம் கிளப் எல்லாரையும் ஓட்டுப் போடச் சொல்லும். யாருக்குப் போட வேண்டும் என்று யாரிடமும் சொல்லாது, யாரிடமும் கேட்காது." அதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். உங்களில் யாராவது வேட்பாளராகவோ கட்சிப் பொறுப்பாளராகவோ இருந்தால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வேலையின் பொறுப்பை அவரிடம் கொடுக்காதீர்கள். அவரையே அழைத்து, காரணத்தை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ஜெர்சிக்கு விளம்பரம் கொடுப்பவர் தேர்தலில் நிற்கிறாரா? அந்தச் சில வாரங்களுக்கு அவர் பெயர் இல்லாத ஜெர்சியைப் போடுங்கள்.

ஆட்டக்காரர் தனிமனிதராகப் பேசுவது வேறு விஷயம். 2024 ஜூனில் ஐரோப்பிய கால்பந்துப் போட்டிக்காக ஜெர்மனியில் இருந்தபோது, பிரான்ஸ் அணித் தலைவர் கிலியன் எம்பாப்பே தன் நாட்டு இளைஞர்களை ஓட்டுப் போடச் சொன்னார். தீவிரப் போக்குகளுக்கு எதிரானவன் நான் என்றும் சொன்னார். அப்போது பிரான்ஸ் கால்பந்துக் கூட்டமைப்பு, ஆட்டக்காரர்களின் பேச்சுரிமையையும் மதிக்க வேண்டும், கூட்டமைப்பின் நடுநிலையையும் மதிக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. இந்த நிலைப்பாட்டை உங்கள் கிளப்பும் பின்பற்றலாம். ஆட்டக்காரர் தன் சொந்தக் கணக்கில் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். கிளப் சின்னத்தைப் போட்டு மட்டும் எழுத வேண்டாம்.

பக்கம் சாராமல் பேசினால் பேச்சுக்கு வலு இருக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2005 அக்டோபரில் ஐவரி கோஸ்ட் அணி முதல்முறையாகக் கால்பந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாளில், அந்த அணியின் ஆட்டக்காரர் டிடியே ட்ரோக்பா உடைமாற்றும் அறையிலேயே மைக்கை வாங்கினார். சக ஆட்டக்காரர்களோடு முழங்காலிட்டு, உள்நாட்டுப் போரில் இருந்த தன் நாட்டு மக்களிடம் ஆயுதத்தைக் கீழே போடுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று கெஞ்சினார். எந்தக் கட்சியின் பெயரையும் அவர் சொல்லவில்லை. இருபது வருடம் ஆகியும் அந்தக் காட்சி பேசப்படுகிறது.

இரண்டாம் படி: சட்டத்தைப் பாருங்கள்

நல்ல எண்ணத்தோடு செய்வதே சில சமயம் குற்றமாகிவிடும். "ஓட்டுப் போட்டு வந்தால் டீ-ஷர்ட் இலவசம்" என்பது பல கிளப்புகளுக்கு முதலில் தோன்றும் யோசனை. அமெரிக்காவில் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காகப் பணமோ பொருளோ கொடுப்பது குற்றம். 2008-இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் ஓட்டுப் போட்டவர்களுக்கு இலவசக் காபி என்று அறிவித்தது. பிறகு இந்தச் சட்டச் சிக்கலால், கேட்பவர் எல்லாருக்கும் காபி என்று மாற்றிக்கொண்டது. ஏதாவது கொடுப்பதாக இருந்தால் வருகிற எல்லாருக்கும் கொடுங்கள், அல்லது கொடுக்கவே வேண்டாம்.

வண்டி ஏற்பாட்டிலும் கவனம் வேண்டும். இந்தியாவில், வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு இன்னொருவரோ வாக்காளர்களை இலவசமாகச் சாவடிக்கு ஏற்றிப் போவதற்கு வண்டி பிடிப்பது, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடைமுறை. நண்பர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் போவது அதுவல்ல. ஆனாலும் அந்த வண்டியிலும் அதன் செலவிலும் எந்த வேட்பாளரின் நிழலும் படக் கூடாது. சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதற்கும் அங்கே தடை உண்டு. உங்கள் நாட்டுத் தேர்தல் ஆணையத்தின் விதிகளை ஒருவர் உட்கார்ந்து படித்து, ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

மூன்றாம் படி: பட்டியலில் பெயர் இருக்கிறதா?

பாதி ஓட்டு இங்கேதான் தொலைகிறது. விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். படிக்க ஓர் ஊர், வேலைக்கு இன்னோர் ஊர், விடுதி, வாடகை வீடு என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். அடையாள அட்டை கையில் இருக்கும். அதனால் பட்டியலில் பெயரும் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த நம்பிக்கை தேர்தல் அன்றைக்குச் சாவடி வாசலில்தான் உடையும். அப்போது பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசித் தேதி நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் தேர்தலை நடத்தச் சொல்லும் ஆணை வெளியான ஏழாம் நாள் பட்டியலை மூடிவிடுவார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி. இந்தியாவில் 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு தகுதித் தேதிகள்; அந்தத் தேதியில் 18 வயது முடிந்திருந்தால் பெயர் சேர்க்கலாம். 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். ஜூனியர் அணிக்கு இது முக்கியமான செய்தி. பதினேழு வயதுப் பையன்களும் பெண்களும் நிறைந்த இடம் வேறு எங்கே கிடைக்கும்?

செய்யும் முறை இதுதான். தேர்தலுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே ஒரு பயிற்சி நாளைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சி முடிந்து எல்லாரும் தண்ணீர் குடிக்க உட்காரும் அந்தப் பத்து நிமிடம் போதும். முதலில் கேப்டன் தன் போனை எடுத்து, ஆணையத்தின் இணையதளத்தில் தன் பெயரை எல்லார் முன்னாலும் தேடட்டும். அப்புறம் மற்றவர்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்றால் விடாதீர்கள், போனவர்கள் பார்க்க மாட்டார்கள். பெயர் இல்லாதவருக்கு அங்கேயே விண்ணப்பம் போட உதவுங்கள். போன் பழக்கமில்லாத மைதானப் பணியாளர், வாட்ச்மேன், சமையல்காரர் ஆகியோரையும் அந்த வட்டத்தில் உட்கார வையுங்கள். அவர்களும் கிளப்தான்.

ஒரு எச்சரிக்கை. யாருடைய அடையாள அட்டை நகலையும் வாங்கி வைக்காதீர்கள். "பார்த்தாச்சு", "விண்ணப்பித்தாச்சு" என்று பெயருக்கு நேரே ஒரு குறி இருந்தால் போதும்.

குடியுரிமை இல்லாதவர்களும் ஓட்டு வயது வராதவர்களும் அணியில் இருப்பார்கள். எல்லார் முன்னாலும் "உனக்கு ஏன் ஓட்டு இல்லை?" என்று கேட்டு அவர்களைக் கூச வைக்க வேண்டாம். வண்டி ஓட்ட, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, நினைவூட்ட அவர்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த ஆட்கள்.

நான்காம் படி: அந்த நாளைக் காலி செய்யுங்கள்

தேர்தல் நாளில் ஆட்டம் வைத்துவிட்டு ஓட்டுப் போடச் சொல்வதில் அர்த்தமில்லை. பெரிய லீக்குகளே இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ, 2022 நவம்பர் 8 தேர்தல் நாளில் ஓர் ஆட்டம்கூட வைக்கவில்லை. அதற்கு முந்தைய நாள் 30 அணிகளையும் ஆடவைத்து, அந்த மேடையை ஓட்டுப் பற்றிப் பேசப் பயன்படுத்தியது. 2024-இலும் அப்படியே செய்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ 2020-இல், முதல் பிரிவு ஆட்டக்காரர்களுக்குத் தேர்தல் நாளில் பயிற்சியும் ஆட்டமும் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அதற்கு விதை போட்டது ஜார்ஜியா டெக் கூடைப்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர் எரிக் ரெவெனோ. ஓர் உதவிப் பயிற்சியாளரின் குரல் நாடு முழுவதற்கும் விதியாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

தேர்தலுக்காகப் போட்டித் தொடர்களே இடம் மாறியதுண்டு. இந்தியப் பொதுத்தேர்தலோடு தேதி மோதியதால் ஐபிஎல் 2009-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 2014-இல் முதல் பகுதியை ஐக்கிய அரபு அமீரகத்தில் நடத்தினார்கள். கோடிகள் புரளும் தொடரையே நகர்த்த முடிகிறபோது, உங்கள் வட்டார லீகின் அரையிறுதியை ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். தேதி அறிவித்த அன்றே லீக் செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். எதிரணிக் கேப்டனையும் கையெழுத்துப் போடச் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டு அணியும் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம்.

முந்தைய நாள் இரவு ஆட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். நடு இரவில் பேருந்தில் திரும்பியவர் காலையில் வரிசையில் நிற்க மாட்டார்.

வெளியூரில் இருந்தே ஆக வேண்டும் என்றால் மாற்று வழி உண்டா என்று பாருங்கள். பிரான்சில் தன் சார்பில் இன்னொருவரை ஓட்டுப் போட நியமிக்கலாம். ஆஸ்திரேலியாவில் பயணத்தில் இருப்பவர் முன்கூட்டியே போட்டுவிடலாம். ஆனால் எல்லா நாட்டிலும் இந்த வசதி இல்லை. இந்தியாவில் தபால் ஓட்டு, பாதுகாப்புப் படையினர், தேர்தல் பணியில் இருப்பவர்கள், மிகவும் வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்ற சில பிரிவினருக்குத்தான். போட்டிக்காகப் பயணம் போகிற சாதாரண ஆட்டக்காரருக்குக் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் அட்டவணையை மாற்றுவது ஒன்றுதான் வழி.

ஐந்தாம் படி: ஐந்து பேருக்கு ஒருவர்

இதுதான் இந்த வேலையின் உயிர். உறுப்பினர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஐவருக்கும் ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள். கேப்டனும் கோச்சும்தான் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லாரும் மனம்விட்டுப் பேசுகிற ஒருவர் எந்த அணியிலும் இருப்பார். ஸ்கோர் எழுதும் பெரியவராக இருக்கலாம், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவராக இருக்கலாம். அவரைப் பிடியுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி "ஓட்டுப் போடுவாயா?" என்பதல்ல. அதற்கு எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டேவிட் நிக்கர்சன், டாட் ராஜர்ஸ் என்ற இருவர் செய்த சோதனையில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். எத்தனை மணிக்குப் போவீர்கள்? எங்கிருந்து கிளம்புவீர்கள்? அதற்கு முன் என்ன வேலையில் இருப்பீர்கள்? இப்படித் திட்டத்தைப் பற்றிக் கேட்டபோது ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. அதுவும் வீட்டில் வேறு வாக்காளர் இல்லாதவர்களிடம்தான் பலன் தெரிந்தது. வீட்டில் நாலு பேர் இருந்தால் "வா, போகலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தனியறையில் தங்கியிருக்கும் ஆட்டக்காரருக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.

பேச்சு இப்படிப் போனால் போதும்:

"தம்பி, நாளை மறுநாள் எத்தனை மணிக்கு ஓட்டுப் போடப் போறே?"

"ஷிப்ட் முடிஞ்சதும் போகலாம்னு இருக்கேன், அண்ணே."

"ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும்?"

"அஞ்சு மணி ஆகும்."

"அப்போ கடைசி நேரக் கூட்டத்தில மாட்டிக்குவே. காலையில ஏழு மணிக்கு நானும் போறேன், வழியில உன்னைக் கூட்டிக்கிறேன். கார்டை இப்பவே எடுத்துப் பையில வை."

யாருக்கு ஓட்டு என்ற பேச்சே இதில் இல்லை. அவரே "யாருக்குப் போடலாம், அண்ணே?" என்று கேட்டாலும், "அதை நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

ஓட்டுப் போடாதவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதுவது, குழுவில் கேலி செய்வது இரண்டும் வேண்டாம். 2006-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு சோதனைக்காக, யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று அக்கம்பக்கத்தாரின் பதிவையே அச்சடித்து அனுப்பிப் பார்த்தார்கள். வாக்குப்பதிவு சுமார் எட்டு சதவீதப் புள்ளி உயர்ந்தது. பலன் உண்டுதான். ஆனால் ஓர் அணியில் அந்த வழியைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. வெட்கப்பட்டவர் அந்த ஒரு முறை ஓட்டுப் போடுவார், அடுத்த வாரம் பயிற்சிக்கு வர மாட்டார்.

குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கிளப் என்றால், ஓரத்தில் காத்திருக்கும் பெற்றோரிடமும் பேசுங்கள். அமெரிக்காவின் டென்வர், மினியாபொலிஸ் நகரங்களில் இரண்டு வாக்காளர் உள்ள வீடுகளில் செய்த சோதனையில், கதவைத் திறந்தவரிடம் பேசியதன் தாக்கத்தில் சுமார் 60 சதவீதம் வீட்டில் இருந்த மற்றவருக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு தாயிடம் பேசினால் ஒரு வீட்டிடம் பேசிய மாதிரி.

ஆறாம் படி: இடமும் ஆளும் கொடுங்கள்

2020-இல் பெருந்தொற்றுக்கு நடுவே தேர்தல் வந்தபோது, அமெரிக்காவில் சிறிய வாக்குச்சாவடிகளில் இடைவெளி விட்டு நிற்க இடமில்லை. அட்லாண்டாவின் கூடைப்பந்து அரங்கமான ஸ்டேட் ஃபார்ம் அரீனா முன்கூட்டிய வாக்குப்பதிவு மையமானது. அந்த ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் விளையாட மறுத்து, கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறைக்கு எதிர்ப்புக் காட்டிய பிறகு, அணிகளுக்குச் சொந்தமான அரங்குகளை வாக்குச்சாவடியாக்க முயல்வது என்று என்பிஏ ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் செய்தது. லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் மைதானமும் வாக்குப்பதிவு மையமானது. வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை என்று தேவையானது எல்லாம் விளையாட்டு அரங்கில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே போகும் வழியும் எல்லாருக்கும் தெரியும்.

உங்களிடம் ஒரு சின்ன உள்ளரங்கம் இருந்தாலும் போதும். தேர்தல் அலுவலகத்துக்குப் பல மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் பயனில்லை. ஏற்றுக்கொண்டால் அன்றைக்கு விளம்பரத் தட்டிகளைக் கழற்றிவிட்டு, சாவியை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டு, ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ஆள் உதவியும் பெரிது. கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸும் மற்ற ஆட்டக்காரர்களும் 2020-இல் தொடங்கிய "மோர் தேன் எ வோட்" அமைப்பு, சாவடிகளில் வேலை செய்ய ஆள் சேர்ப்பதைத் தன் பெரிய வேலையாக எடுத்துக்கொண்டது. தொற்றுப் பயத்தால் வயதான பணியாளர்கள் வர முடியாமல் இருந்த நேரம் அது. பொதுமக்களைத் தேர்தல் பணிக்கு எடுக்கும் நாடு என்றால், உங்கள் நடுவர்களையும் ஸ்கோர் எழுதுபவர்களையும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விதிப்புத்தகத்தின்படி நடப்பது, கூச்சலுக்கு நடுவே அமைதியாக இருப்பது, எண்ணிக்கை தவறாமல் எழுதுவது எல்லாம் அவர்களுக்குப் பழகிய வேலை.

ஏழாம் படி: அந்த நாள்

காலையிலேயே போய்விடுங்கள். ஏதாவது சிக்கல் வந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

ஐவர் குழுக்களின் பொறுப்பாளர்கள் மதியத்துக்குள் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கட்டும். போகாதவரிடம் "ஏன் போகவில்லை?" என்று கேட்காமல் "என்ன தடை?" என்று கேளுங்கள். கைக்குழந்தை இருக்கிறதா, யாராவது பார்த்துக்கொள்ளலாம். முதலாளி விடவில்லையா, சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் வாக்குப்பதிவு நாளில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரச் சட்டம் இருக்கிறது. இரவு தனியாகத் திரும்பத் தயங்கும் பெண் ஆட்டக்காரர்களைப் பகலிலேயே சேர்ந்து போய்வரச் சொல்லுங்கள்.

சாவடியில் சிக்கல் வந்தால் கோபப்பட்டுத் திரும்பிவிடக் கூடாது என்று முன்பே சொல்லி அனுப்புங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், பெயரில் சந்தேகம் எழுந்தால், பிறகு சரிபார்த்து எண்ணப்படும் தற்காலிக ஓட்டு கேட்கலாம். இந்தியாவில் உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டிருந்தால், நீங்கள்தான் அவர் என்று நிரூபித்து, இதற்கென்று தனியாகத் தரும் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டில் ஓட்டுப் போடலாம். இரண்டு நாட்டிலும், நேரம் முடிவதற்குள் வரிசையில் சேர்ந்துவிட்டவருக்கு ஓட்டுப் போடும் உரிமை உண்டு. கதவைச் சாத்தும் நேரம் வந்துவிட்டதே என்று யாரும் வரிசையை விட்டு வெளியே வர வேண்டாம்.

எட்டாம் படி: முடிந்த பிறகு

முடிவு வந்த அன்றைக்குக் கிளப் குழுவில் கொண்டாட்டமும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம். அடுத்த பயிற்சிக்குப் பிறகு பொறுப்பாளர்களை உட்கார வைத்து, யாரால் போக முடியவில்லை, எதனால் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேர் முகவரி மாற்றாததால் விட்டிருந்தால், அந்த மூன்று பேருக்கான விண்ணப்பத்தை அதே வாரத்தில் போட்டுவிடுங்கள். உள்ளாட்சித் தேர்தல் பெரிய தேர்தலை விடச் சத்தமில்லாமல் வரும். உங்கள் மைதானத்தின் விளக்கும் தண்ணீர்க் குழாயும் பல இடங்களில் உள்ளாட்சி மன்றத்தின் கையில்தான் இருக்கின்றன.

கிளப்பில் புதிதாகச் சேர்பவருக்கான படிவத்தில், பெயர், வயது, ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கேள்விகளுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்க்க உதவி வேண்டுமா?"